அம்பாசமுத்திரமா, ஸ்ரீவைகுண்டமா? தாமிரபரணிக் கரையில் ஒரு சனி ஞாயிறு

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ கன்னியாகுமரிக்கும் திருச்செந்தூருக்கும் கிளம்புகிற பலர், வழியில் ஒரு சனி ஞாயிறு எங்காவது ஆற்றங்கரை ஊரில் தங்கலாமா என்று கேட்கிறார்கள். நல்ல யோசனை. திருநெல்வேலி வரை வந்துவிட்டால் தாமிரபரணி பக்கத்தில்தான் இருக்கிறது. பொதிகை மலையில் புறப்பட்டு புன்னைக்காயலில் கடல் சேரும் வரை மொத்தமே சுமார் 128 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு. அந்தக் குறைந்த தூரத்துக்குள் காடு, மலையடிவாரம், நெல்வயல், நகரம், பனங்காடு, கழிமுகம் எல்லாம் வந்துவிடுகின்றன. அதனால் எந்த ஊரில் இறங்குகிறோம் என்பதைப் பொறுத்து அந்த இரண்டு நாளும் அடியோடு மாறிவிடும்.

தேர்வு மூன்று. நெல்லையிலிருந்து மேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் அம்பாசமுத்திரம். ஊர்க்காரர்கள் வாயில் அம்பை. ஆற்றின் வடகரையில் அம்பை, பாலத்தைத் தாண்டினால் தென்கரையில் கல்லிடைக்குறிச்சி. இரண்டையும் ஒரே ஊராகவே எடுத்துக்கொள்ளலாம். நெல்லையிலிருந்து கிழக்கே, திருச்செந்தூர் போகும் வழியில், சுமார் 30 கிலோமீட்டரில் ஸ்ரீவைகுண்டம். அதையும் அடுத்துள்ள ஆழ்வார்திருநகரியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். மூன்றாவது வழி, நெல்லையிலேயே அறை எடுத்துக்கொண்டு ஒருநாள் மேற்கே, ஒருநாள் கிழக்கே போய்வருவது.

என் பக்கத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் தடவை வருகிறவர்களுக்கு, அதிலும் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு, அம்பைதான். பழமையில் ஈடுபாடு உள்ளவர்கள், ஆழ்வார்கள் பாடிய பெருமாள் கோயில்களான திவ்யதேசங்களைப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைப்பவர்கள், தை மாசி மாதங்களில் வருகிறவர்கள் ஸ்ரீவைகுண்டத்தைத் தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். இரண்டையும் ஒரே வார இறுதியில் அடைக்கப் பார்ப்பதைத்தான் நான் ஏற்கமாட்டேன்.

நெல்லையில் தங்குவது பற்றி

வசதி என்று பார்த்தால் நெல்லைக்கு ஈடில்லை. ரயில் உண்டு, நல்ல விடுதிகள் உண்டு, 2023 செப்டம்பரிலிருந்து சென்னை எழும்பூருக்கு வந்தே பாரத் ஓடுகிறது. நெல்லையப்பர் கோயில் இருக்கிறது. மாலையில் இருட்டுக்கடை வாசலில் வரிசையில் நின்று சூடான அல்வா வாங்கலாம். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் மூழ்கி, வடிந்ததும் மறுபடி பூஜை தொடங்கும் கோயில் அது. இதெல்லாம் பார்க்க வேண்டியவைதான்.

ஆனால் ஆற்றங்கரை ஊரில் தங்குவது எதற்காக? விடியற்காலையில் அறையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே துறைக்குப் போக வேண்டும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மறுபடியும் அதே துறைக்குப் போய் உட்கார வேண்டும். இந்த இரண்டு பொழுதும்தான் சிற்றூரில் கிடைக்கிற பெரிய பேறு. நெல்லையில் தங்கினால் அந்த இரண்டு பொழுதுகளும் பஸ்ஸிலும் காரிலும் போய்விடும். எட்டு மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்குப் போய்ச் சேரும்போது படித்துறை காலியாகி, கல் சுட ஆரம்பித்திருக்கும்.

வயதானவர்களை அழைத்து வருகிறீர்கள், லிஃப்ட் உள்ள விடுதியும் பக்கத்தில் பெரிய மருத்துவமனையும் வேண்டும் என்றால் நெல்லைதான் சரி. மற்றவர்கள் ரயிலில் இறங்கியதும் ஊருக்குள் அல்வாவை வாங்கிக்கொண்டு நேராகக் கிளம்பிவிடலாம்.

தண்ணீரைப் பார்த்து முடிவு செய்வது

ஆற்றங்கரை ஊரை ஒப்பிட வேறு எத்தனை கணக்குகள் இருந்தாலும் முதல் கேள்வி, அங்கே ஆற்றில் இறங்கிக் குளிக்க முடியுமா என்பதுதான். இதில் அம்பை பக்கம் தெளிவாக முந்துகிறது.

மலையிலிருந்து இறங்கி அதிகத் தூரம் வராத தண்ணீர் அது. காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகள் மேலே இருப்பதால் கோடையிலும் பெரும்பாலும் ஓட்டம் இருக்கும். கல்லிடைக்குறிச்சிப் படித்துறையில் காலை ஆறு மணிக்கு நின்று பாருங்கள். மேற்கே பொதிகை மலை, மேகம் இல்லாத நாளில் மடிப்பு மடிப்பாகத் தெரியும். கரையில் மருத மரங்கள். அடிமரத்தின் பட்டை வெளுத்து வழவழப்பாக இருக்கும், வேர்கள் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். படிக்கல்லில் துணி அடிக்கும் சத்தம் அக்கரை வரை கேட்கும். ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று சூரியனைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருப்பார். நாலு படி தள்ளிப் பையன்கள் சைக்கிளைத் தண்ணீருக்குள்ளேயே இறக்கிக் கழுவிக்கொண்டிருப்பார்கள். காலைத் தண்ணீரில் வைத்ததும் சில்லென்று ஏறும். கொஞ்சம் பொறுத்தால் சின்ன மீன்கள் வந்து பாதத்தைக் கொத்தும்.

ஒரு எச்சரிக்கை. இந்த ஆறு மேலே அமைதியாகத் தெரிந்தாலும் பாறைக்கு இடையில் இழுப்பும் சுழியும் உண்டு. வெளியூர்க்காரர்கள் உயிரை விட்ட செய்தி அடிக்கடி வருகிறது. இறங்குவதற்கு முன் குளித்துக்கொண்டிருப்பவரிடம் "அண்ணாச்சி, எதுவரைக்கும் போகலாம்?" என்று கேட்டுவிடுங்கள். "அந்தப் பாறையைத் தாண்டாதீய, அங்க ஆழம்" என்று பொறுமையாகக் கை நீட்டிக் காட்டுவார்கள். துறைகளில் உடை மாற்ற மறைவிடம் பெரும்பாலும் இருக்காது. பெண்கள் அதற்கேற்ப ஆயத்தமாக வர வேண்டும், அல்லது விடுதி பக்கத்திலேயே இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்ரீவைகுண்டத்துக்கு வரும் தண்ணீர் நெல்லையையும் பாளையங்கோட்டையையும் கடந்து வருகிறது. நகரத்துக் கழிவுநீர் ஆற்றில் கலப்பது பெரிய வேதனை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைப் பற்றிப் பலமுறை கேள்வி எழுப்பியிருக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை, இது ஆங்கிலேயர் காலத்தில் 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டது. அதன் மேல்பக்கம் தேங்கும் தண்ணீரில் மண் மேடிட்டும் அமலைச் செடி படர்ந்தும் கிடப்பதைப் பார்க்கலாம். அணைக்கட்டிலிருந்து சூரியன் மறைவதைப் பார்ப்பது அழகு. குளிக்க நான் சொல்லமாட்டேன்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்று. பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகும் பழக்கம் இருக்கிறது. அந்தத் துணிகள் பாறையிடுக்கிலும் படித்துறையிலும் சிக்கி மூட்டை மூட்டையாகச் சேர்கின்றன. குளித்துவிட்டுத் துணியைக் கையோடு எடுத்து வாருங்கள். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளாது.

அம்பையைச் சுற்றி

அம்பைக்கு வருகிறவர்கள் நேராக பாபநாசம், அகத்தியர் அருவி என்றுதான் ஓடுகிறார்கள். பாபநாசம் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. நவகைலாயம் என்ற ஒன்பது சிவத்தலங்களில் முதலாவதான பாபநாசநாதர் கோயில் ஆற்றின் கரையிலேயே இருக்கிறது. முன்னால் உள்ள படித்துறையில் கையகலத்துக்கும் பெரிய மீன்கள் பொரிக்காகக் கூட்டம் கூட்டமாக வரும், பிள்ளைகள் அங்கிருந்து நகரமாட்டார்கள். அகத்தியர் அருவி அதற்கு மேலே, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள். வனத்துறைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி, பிளாஸ்டிக்கைக் கொடுத்துவிட்டுத்தான் போக முடியும். குற்றாலம் வறண்டு கிடக்கும் மாதங்களிலும் இங்கே தண்ணீர் விழும். அதனாலேயே ஞாயிற்றுக்கிழமை நெரிசல் சொல்லி மாளாது. சனிக்கிழமை காலையில் சாவடி திறந்ததும் போய்விட்டு, பத்து மணிக்குள் இறங்கிவிடுவது நல்லது. மணிமுத்தாறு அணை கல்லிடைக்குறிச்சி பக்கமிருந்து கிட்ட. காமராசர் ஆட்சியில் 1958இல் முடிந்த அணை, மாலையில் மேலே நடக்க இதமாக இருக்கும். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. இரண்டு நாள் பயணத்தில் அதை நினைக்காமல் இருப்பது நல்லது.

ஆனால் என்னைக் கேட்டால் அம்பையில் தங்குவதற்கு முதல் காரணம் அருவி இல்லை, திருப்புடைமருதூர்.

கடனாநதி தாமிரபரணியோடு சேரும் இடத்தில் இருக்கிற சின்ன ஊர் அது. நாறும்பூநாதர் கோயிலின் கோபுரம் வெளியிலிருந்து பார்க்க மற்றக் கோபுரங்கள் மாதிரிதான் இருக்கும். உள்ளே ஏறினால்தான் தெரியும். ஐந்து நிலைகளிலும் மரத்தூண்கள், உத்தரங்கள், அவற்றில் விரலளவு இடம்கூட விடாமல் செதுக்கிய உருவங்கள். சுவரெல்லாம் ஓவியம். திருவிளையாடல் கதைகள், போர்க்காட்சிகள், இவற்றோடு குதிரைகளை ஏற்றிக்கொண்டு வருகிற ஒரு கப்பல். கடல் கடந்து குதிரை இறக்கிய காலத்தை ஒரு சிற்றூர்க் கோபுரத்துக்குள் யாரோ வரைந்து வைத்திருக்கிறார்கள். காவிச் சிவப்பும் மஞ்சளும் இன்னும் அடங்காமல் இருக்கின்றன. சாளரத்தின் வழியாக வெளிச்சம் சாய்ந்து விழும்போது தூணில் உள்ள முகங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வருகின்றன. படி குறுகல், மரம் பழசு. அதனால் எல்லா நேரமும் ஏற விடமாட்டார்கள். கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்க வேண்டும். விட்டால் தொடாமல், ஃபிளாஷ் போடாமல் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இறைவன் சற்றே சாய்ந்திருப்பதற்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். கருவூர்ச் சித்தர் அக்கரையில் நின்று, ஆற்றில் வெள்ளம் என்று கடக்க முடியாமல், "நாறும்பூநாதா" என்று கூப்பிட, அந்தக் குரலைக் கேட்கச் சாமி தலையைச் சாய்த்தாராம். இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன. ஊர்மக்களே கேட்டுக்கொண்டு 2005இல் இந்த இடம் பறவைகளுக்கான பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது இதுதான். இந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

கல்லிடைக்குறிச்சிக்குள் நடப்பதற்கென்று ஒரு மாலையை ஒதுக்குங்கள். நீளமான அக்கிரகாரத் தெருக்கள், திண்ணை வைத்த வீடுகள். அப்பளத்துக்குப் பேர்போன ஊர். வீட்டிலேயே இட்டுக் காயவைத்து விற்கும் இடங்கள் இருக்கின்றன. உளுந்து அப்பளம் வாங்கி, தங்குகிற இடத்தில் பொரிக்கச் சொல்லிச் சாப்பிட்டுப் பாருங்கள். குலசேகரமுடையார் கோயிலுக்கும் போக வேண்டும். 1982இல் இங்கிருந்து திருடுபோன நடராசர், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரத்துக் கலைக்கூடத்தில் இருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, 2019இல் மீட்டு வரப்பட்டார். முப்பத்தேழு ஆண்டுகள் கழித்துச் சாமி ஊர் திரும்பியதைப் பற்றி அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டால், கண் கலங்காமல் சொல்பவர்கள் குறைவு.

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக வந்தால் நடுவில் பத்தமடை வரும். கோரைப் பாய் வாங்க நினைப்பவர்கள் இறங்கலாம். சாதாரணப் பாயும் நுண்பாயும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். நுண்பாயைத் தொட்டுப் பார்த்தால் பட்டுத் துணி மாதிரி மடியும், ஏன் அந்த விலை என்று அப்போது புரியும்.

ஸ்ரீவைகுண்டம் பக்கம்

இங்கே பொழுது வேறு மாதிரி ஓடும். மலை இல்லை, அருவி இல்லை. வாழைத்தோப்பு, வயல், குளம், பனை. ஊர்களுக்கு நடுவில் கோபுரங்கள். தெருவில் கூட்டம் குறைவு. பேச ஆள் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது.

நவதிருப்பதி என்ற ஒன்பது வைணவத் தலங்களும் இந்த வட்டாரத்தில்தான். ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோயிலில் தொடங்கி, நத்தம், திருப்புளிங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, தென்திருப்பேரை, திருக்கோளூர், ஆழ்வார்திருநகரி என்று போகும். "ஒரே நாளில் ஒன்பதும்" என்று வண்டி பேசிக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. முடியும்தான். கோயில்கள் பன்னிரண்டு மணி வாக்கில் நடை சாத்தி, மாலையில்தான் திறக்கும் என்பதால் காலையில் ஆறு, மாலையில் மூன்று என்று கடிகாரத்தைப் பார்த்தபடியே சுற்ற வேண்டியிருக்கும். பெருமாள் முகம் மனதில் நிற்காது. தங்குகிறவர்களுக்கு அந்த அவசரம் தேவையில்லை. ஒன்பதில் ஆறை மட்டும் எடுத்து, சனிக்கிழமை நான்கு, ஞாயிற்றுக்கிழமை இரண்டு என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொரு பிராகாரத்திலும் உட்கார நேரம் கிடைக்கும். சின்னக் கோயில்களில் அர்ச்சகர் ஒருவரே இருப்பார். வருவதற்கு முன் நேரத்தை விசாரித்துவிடுவது நல்லது.

ஒரே ஒரு கோயிலைத்தான் பார்க்க முடியும் என்றால் ஆழ்வார்திருநகரிக்குப் போங்கள். நம்மாழ்வார் பிறந்த ஊர். 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி இந்த மண்ணில் எழுந்தது. அவர் பதினாறு ஆண்டுகள் யோகத்தில் இருந்ததாகச் சொல்லப்படும் புளியமரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. அடிமரம் முறுக்கேறி, கிளைகள் தாங்கலோடு பரந்து நிற்கும். இரவிலும் இலை மூடாது என்பதால் உறங்காப்புளி என்று பேர். பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் பாடும் அரையர் சேவை இன்னும் நடக்கிற மிகச் சில கோயில்களில் இதுவும் ஒன்று. வைகாசியில் ஒன்பது ஊர்ப் பெருமாள்களும் ஒன்பது கருட வாகனத்தில் இங்கே ஒன்றாக எழுந்தருளும் கருட சேவை நடக்கும். அந்த நாளில் வருவதென்றால் மாதக்கணக்கில் முன்னரே அறைக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

பக்தி இல்லாதவர்களுக்கும் இந்தப் பக்கம் ஒரு பெரிய இழுப்பு இருக்கிறது. ஆதிச்சநல்லூர். நெல்லை திருச்செந்தூர் சாலையை ஒட்டி, பழங்காலத்து மக்கள் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த செம்மண் மேடு. அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் 1905 வரை இங்கே தோண்டி எடுத்த தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு முன்பே 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் எடுத்தவை பெர்லினுக்குப் போய்விட்டன. பொருள் எல்லாம் வெளியூரில், இங்கே வெறும் மேடு என்ற குறை நெடுங்காலம் இருந்தது. 2023இல் அகழ்வுக் குழிகளின் மேலேயே கண்ணாடித் தளம் போட்டு, இருந்த இடத்திலேயே பார்க்கும்படி அருங்காட்சியகம் அமைத்த பிறகு அந்தக் குறை கொஞ்சம் தீர்ந்தது.

அந்தக் கண்ணாடியின் மேல் நிற்பது வேறெங்கும் கிடைக்காத அனுபவம். காலடிக்கு நேர்கீழே முதுமக்கள் தாழிகள். சில முழுதாக, சில விளிம்பு உடைந்து, சில மண்ணின் பாரத்தில் நசுங்கி. உள்ளே கறுப்பும் சிவப்புமான சின்னக் கிண்ணங்கள், அன்றைக்கு யாரோ தன் வீட்டாருக்கு வைத்தது வைத்தபடி. பிள்ளைகள் முதலில் கண்ணாடியில் கால் வைக்கப் பயப்படுவார்கள், அப்புறம் ஒவ்வொரு தாழியையும் எட்டிப் பார்த்துக் கேள்வி கேட்டே தீர்ப்பார்கள். பக்கத்தில் சிவகளை. அங்கே தாழியில் கிடைத்த நெல்மணி சுமார் 3200 ஆண்டுப் பழமையானது என்று தெரியவந்தது. அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. சிவகளையில் போய்ப் பார்க்க அதிகம் இல்லை. ஆனால் அந்த வயல்வெளியைக் கடக்கும்போது மண்ணைப் பார்க்கிற பார்வையே மாறிவிடும்.

போகும் வழியில் கிருஷ்ணாபுரம் வேங்கடாசலபதி கோயிலைத் தவறவிடாதீர்கள். நெல்லையை விட்டுக் கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடும். ஒரே கல்லில் செதுக்கிய ஆளுயரச் சிலைகள், விரல் நகமும் புடைத்த நரம்பும் தெரியும்படி. அரை மணி நேரம் என்று நினைத்து நுழைந்தால் நடை சாத்தும் வரை நின்றுவிடுவீர்கள்.

எந்த மாதம்

தாமிரபரணிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. அதனால் இரண்டு பட்டம் நெல். ஜூனில் அணை திறந்து கார் சாகுபடி, ஐப்பசி வாக்கில் பிசானம். அம்பையைச் சுற்றி ஜூலை, ஆகஸ்டில் வயல் பச்சைப் பசேல் என்று இருக்கும். வாய்க்கால்களில் தண்ணீர் தளும்பும், மலையிலிருந்து சாரல் காற்று வரும். தமிழ்நாட்டில் மற்ற இடமெல்லாம் வெயிலில் காயும் நேரத்தில் இங்கே இப்படி இருப்பதே அம்பைக்கு இன்னொரு பலம். நம் வீடுகளில் இட்லிக்குப் போடும் ஏ.எஸ்.டி. 16 அரிசி அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. அந்தப் பெயரில் இருப்பதே இந்த ஊர்தான்.

அதே மாதங்களில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் காற்று வறட்சியாக அடிக்கும். அங்கே தை, மாசிதான் காலம். மழை ஓய்ந்து குளங்கள் நிறைந்து, பறவைகள் வந்து இறங்கியிருக்கும். மாசிக்குப் பிறகு பதநீர் கிடைக்கத் தொடங்கும்.

நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் கடைசி வரை இரண்டு ஊருக்கும் வானிலை அறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம். கிழக்குப் பக்கத்துக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட, நூற்றுக்கணக்கான பயணிகள் வெள்ளத்துக்கு நடுவில் சிக்கிக்கொண்டார்கள். பக்கத்து ஊர் மக்கள் தங்கள் வீட்டில் இருந்ததைச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

தங்க, சாப்பிட, சுற்ற

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். விடுதி என்று பார்த்தால் அம்பையில் எளிய லாட்ஜுகள் கிடைக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் அதைவிடக் குறைவு. அங்கே அறை அமையாவிட்டால் திருச்செந்தூரில் தங்கிக்கொண்டு வரலாம், ஆனால் அது கடற்கரை ஊர், கூட்டம் வேறு. இரண்டு இடத்திலும் ஆடம்பரத்தை எதிர்பார்க்காதீர்கள். சுத்தமான அறை, சுடுதண்ணீர், துறைக்கு நடக்கிற தூரம், இந்த மூன்றையும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

வண்டி இல்லாதவர்களுக்கு இரண்டு பக்கமும் ரயில் உண்டு. நெல்லையிலிருந்து செங்கோட்டைப் பாதையில் அம்பையும் கல்லிடைக்குறிச்சியும், திருச்செந்தூர்ப் பாதையில் ஸ்ரீவைகுண்டமும் ஆழ்வார்திருநகரியும். ரயில்கள் அடிக்கடி இல்லை, பஸ்கள் உண்டு. அம்பையில் இறங்கிவிட்டால் பாபநாசம் பஸ் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஸ்ரீவைகுண்டத்தில் கோயில்கள் சிதறிக் கிடப்பதால் ஆட்டோவோ காரோ பேசாமல் முடியாது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதிக்கும் மார்கழி ஞாயிற்றுக்கிழமைகளில் நவகைலாயத்துக்கும் நெல்லையிலிருந்து அரசுச் சிறப்புப் பேருந்து விடுவார்கள். செலவுக்கு அது நல்லது, நேரம் மட்டும் அவர்கள் கையில்.

சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது. சொதியும் இஞ்சித் துவையலும் வீட்டு விசேஷத்தில் கிடைப்பதுபோல் ஓட்டலில் கிடைக்காது. அம்பையில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால் மறுக்காமல் போய்விடுங்கள்.

யாருக்கு எது

பிள்ளைகள், தண்ணீர் ஆசை, ஜூன் முதல் செப்டம்பர் வரை விடுப்பு என்றால் அம்பை. தென்காசி, குற்றாலம், கேரளம் பக்கம் பயணம் தொடர்கிறதென்றாலும் அம்பைதான் வழியில் விழும். பெரியவர்களோடு திருச்செந்தூருக்குப் போகிறீர்கள், மாதம் தையோ மாசியோ என்றால் ஸ்ரீவைகுண்டம். பள்ளி முடிக்கிற வயதில் வரலாற்றில் ஆசையுள்ள பிள்ளை இருந்தால், ஆதிச்சநல்லூருக்காகவே அந்தப் பக்கம் போகலாம், ஆற்றுக் குளியலை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை. தனியாக வந்து புத்தகமும் கையுமாக உட்கார நினைப்பவர்களுக்கு அம்பையைவிடக் கல்லிடைக்குறிச்சிக் கரை பொருத்தம்.

ஒரே ஒரு இரவுதான் கையில் இருக்கிறது என்றால், சனிக்கிழமை மதியம் அம்பை வந்து, மாலையில் கல்லிடைக்குறிச்சி, ஞாயிறு விடியலில் ஆற்றுக் குளியல், ஒன்பது மணிக்குத் திருப்புடைமருதூர், மதியம் கிளம்பிவிடலாம். அருவியை விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை அங்கே நெரிசலில் நின்றே நேரம் போய்விடும்.

அறை பதிவு செய்வதற்கு முன் நாள்காட்டியை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். ஆடி அமாவாசை அந்த வாரத்தில் வந்தால் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகும் கூட்டத்தில் பாபநாசம் சாலை நிரம்பிவிடும், அம்பையில் அறையும் கிடைக்காது. அந்த வாரத்தை விட்டு அடுத்த வாரம் வாருங்கள்.